அற்புதத்துக்கு எவ்வளவு சாட்சி போதும்?

"மத அற்புதங்களை நம்புவதற்கு ஆதாரம் என்று ஒன்று இருக்க முடியுமா? அல்லது நம்புகிறவர் எப்போதுமே பகுத்தறிவை ஓரமாக வைத்துவிட்டுத்தான் நம்புகிறாரா?" இதுதான் கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களுக்கு அப்புறம் வருகிறேன்.

ஆதாரம் இருக்க முடியும். "அற்புதம்" என்று பெயர் வைத்துவிட்டதாலேயே ஒரு சாட்சியைக் கேட்காமல் துரத்திவிடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நான் ஊன்றிப் படித்த வழக்குகளில், நம்பாத ஒருவரும் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்ற அளவுக்குத் தேறியது இதுவரை ஒன்றுகூட இல்லை. ஏன் தேறவில்லை என்பதற்குப் பலரும் சொல்லும் காரணம் சாட்சிகள் பொய்யர்கள், படிக்காதவர்கள் என்பது. அது தவறான காரணம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நான் புள்ளியியல் பாடம் நடத்துகிறவன். கடவுள் நம்பிக்கையும் உள்ளவன். இந்தக் கேள்வி எனக்குப் பொழுதுபோக்கு அல்ல.

இதைப் பேசத் தேவையான சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நமக்கு அறிவு வரும் வழியை அளவை என்பார்கள். கண்ணால் காண்பது காட்சி. புகையைப் பார்த்து நெருப்பு இருக்கும் என்று முடிவு செய்வது கருதல். நம்பத்தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. மணிமேகலையில் பத்து அளவைகள் வரிசையாகச் சொல்லப்படும் இடம் ஒன்று உண்டு. அதில் ஐதிகம் என்று ஓர் அளவை வரும். அதற்கு அங்கே கொடுக்கப்படும் எடுத்துக்காட்டு, "இந்த மரத்தில் ஒரு பேய் இருக்கிறது" என்று உலகம் சொல்வதைக் கேட்டுத் தெளிவது. எல்லோரும் சொல்வார்கள், யார் பார்த்தது, எப்போது பார்த்தது என்று கேட்டால் மட்டும் ஆள் கிடைக்கமாட்டார். நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபில் வாத்ஸ்யாயனர், ஆப்தன் என்பவன் பொருளை நேரடியாக அறிந்தவன், அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல விரும்புகிறவன் என்கிறார். ரிஷி, ஆரியர், மிலேச்சர் எல்லோருக்கும் இந்த இலக்கணம் பொது என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஆள் யார் என்பது பொருட்டில்லை. நேரில் தெரியுமா, தெரிந்ததை அப்படியே சொல்கிறாரா, இவைதான் கேள்வி. நம் காதுக்கு வரும் அற்புதச் செய்திகளில் பெரும்பகுதி உரையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் ஐதிகம். அதைச் சலித்து எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். மிச்சம் இருக்கும் கொஞ்சம்தான் கடினமானது, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இந்த விவாதம் வந்தாலே டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவஞானியின் பெயர் வரும். 1748-ல் வந்த அவருடைய நூலில் அற்புதங்களைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. செத்தவர் எழுந்து நடந்ததைப் பார்த்தேன் என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் ஏமாந்திருப்பதோ ஏமாற்றுவதோ அதிக அதிசயமா, செத்தவர் எழுந்தது அதிக அதிசயமா? இரண்டையும் தராசில் வைத்து, எது பெரிய அதிசயமோ அதைத் தள்ளிவிடு என்கிறார் ஹியூம். இதுவரைக்கும் எனக்கு முழுச் சம்மதம். நாம் எல்லோரும் தினமும் செய்வது இதுதான்.

ஆனால் அந்த அத்தியாயத்தைப் பலர் இன்னும் கடுமையாகப் படிக்கிறார்கள். இயற்கை விதி என்பது இதுவரையிலான அத்தனை மனித அனுபவத்தின் திரட்டு. அற்புதம் அதை மீறுவது. ஆகவே எந்தச் சாட்சியமும் எந்தக் காலத்திலும் போதாது என்கிறார்கள். இங்கேதான் இடறுகிறது. "இதுவரை யாரும் பார்த்ததில்லை" என்பதை முடிவாக வைத்துக்கொண்டு, பார்த்தேன் என்பவரை அதைக் காட்டியே தள்ளினால், கேள்வியையே பதிலாக வைத்துக்கொண்டது ஆகிவிடும். ஹியூமுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். பனிக்கட்டியை நம்ப மறுத்த இந்திய இளவரசனை அவரே எடுத்துக்காட்டுகிறார். வாழ்நாள் முழுக்க வெயில் நாட்டில் இருந்தவனுக்கு, தண்ணீர் கல்லாக இறுகும் என்பது தன் அனுபவம் அத்தனைக்கும் எதிரானது. அவன் மறுத்தது நியாயம் என்கிறார் ஹியூம். நியாயமாக இருக்கலாம், ஆனால் அவன் தவறான முடிவில் நின்றான், தண்ணீர் உறையத்தான் செய்கிறது.

ரிச்சர்ட் பிரைஸ் என்ற பாதிரியார் 1767-ல் ஹியூமுக்கு மறுப்பு எழுதினார். தாமஸ் பேய்ஸ் இறந்த பிறகு அவருடைய நிகழ்தகவுக் கட்டுரையை 1763-ல் வெளியே கொண்டுவந்தவர் இவர்தான். பிரைஸின் வாதம் இது: லாட்டரியில் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குப் பரிசு விழ பல ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது; ஆனாலும் அந்த எண்ணுக்கு விழுந்தது என்று செய்தித்தாள் போட்டால் நாம் உடனே நம்புகிறோம். செய்தித்தாள் தவறு செய்யும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம் என்றாலும் நம்புகிறோம், அல்லவா? நல்ல அடிதான். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கொஞ்ச நேரம் அமைதியாகிவிடுவார்கள். ஆனால் லாட்டரியில் ஏதாவது ஓர் எண்ணுக்குப் பரிசு விழுந்தே தீரும். தவறாக அச்சடித்தாலும் அந்தத் தவறு குறிப்பாக இந்த எண்ணின் மேலேயே விழ ஒரு காரணமும் இல்லை. அற்புதத்தில் அப்படியில்லை. மனிதர்கள் தவறு செய்யும்போது எந்தத் திசையில் தவறு செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும்: ஆசைப்படும் திசையில், பயப்படும் திசையில், ஏற்கெனவே கேட்ட கதையின் திசையில். ஆகவே பிரைஸ் கதவைத் திறந்தார், ஆனால் உள்ளே யாரையும் அழைத்து வரவில்லை என்பேன்.

சரி, நம்பவே முடியாத ஒன்றைச் சாட்சியம் நிலைநாட்டிய வழக்கு உண்டா? உண்டு. அதில் கடவுள் வரமாட்டார், ஆனாலும் இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை, வானத்திலிருந்து கல் விழுகிறது என்று சொன்னால் படித்தவர்கள் ஏற்கமாட்டார்கள். மேலே கல் ஏது, விழுவதற்கு? 1768-ல் பிரான்சில் லூசே என்ற இடத்தில் கல் விழுந்ததாக உழவர்கள் சொன்னார்கள். அதை ஆராய்ந்த குழுவில் லவாய்சியரே இருந்தார். தரையில் கிடந்த கல்லை மின்னல் தாக்கியிருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேதியியலின் தந்தை என்று நாம் கொண்டாடுகிற மனிதர், உழவர்களின் நேர்மையான சாட்சியத்தைத் தள்ளிவிட்டார். தள்ளியதற்கு அவரிடம் இருந்த காரணம் ஹியூமின் காரணம்தான்.

பிறகு 1803 ஏப்ரல் 26. நார்மண்டியில் லேகிள் என்ற ஊருக்கு மேலே, பட்டப்பகலில், வெடிச் சத்தம். அதைத் தொடர்ந்து இரண்டாயிரம் மூவாயிரம் கற்கள். ழான் பாப்டிஸ்ட் பியோ என்ற இளம் இயற்பியலாளரை விசாரிக்க அனுப்பினார்கள். அவர் நேராக லேகிளுக்குப் போய் "கல் விழுந்ததாமே?" என்று கேட்கவில்லை. தொலைவில் உள்ள ஊர்களிலிருந்து விசாரிக்கத் தொடங்கினார். அங்கே இருந்தவர்கள் நெருப்புக் கோளத்தைச் சொன்னார்கள். அவர்களுக்குக் கல் பற்றி எதுவும் தெரியாது. நெருங்க நெருங்க, இடி மாதிரி நீண்ட சத்தத்தைச் சொன்னார்கள். கடைசியில் வயலில் கல் விழுந்ததைப் பார்த்தவர்கள் வந்தார்கள். தொழில் வேறு, ஊர் வேறு, அறிமுகமில்லாதவர்கள். அந்தப் பகுதியில் முன்பு திரட்டிய கனிமங்களில் அந்த மாதிரிக் கல் இல்லை என்று பார்த்தார். பக்கத்து உலைகளின் கழிவோடு ஒப்பிட்டார், அதுவும் இல்லை. கற்கள் கிடந்த இடங்களைக் குறித்துக்கொண்டே போனால், ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நீள்வட்டம் வந்தது. எந்தச் சாட்சிக்கும் அந்த நீள்வட்டம் தெரியாது. ஒவ்வொருவரும் தன் வயலைத்தான் சொன்னார்கள். சேர்த்துப் பார்த்தபோது, வானில் சாய்வாக வந்து வெடித்த ஒரு பொருளின் தடம் அதுவாகவே எழுந்து நின்றது.

அந்த நீள்வட்டத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். ஊர் கூடி ஒரே பொய்யைச் சொல்ல முடியும். ஒருவருக்கொருவர் தெரியாத நூறு பேர், தங்களுக்கே தெரியாத ஒரு வடிவத்தைச் சேர்ந்து வரைய முடியாது. பியோவின் அறிக்கை வெளிவந்த பிறகு விண்கல்லை யாரும் கேலி செய்யவில்லை.

இதைக் கணக்காகவும் காட்டலாம். கணிப்பொறியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ் 1837-ல் ஹியூமுக்கு எதிராக இந்தக் கணக்கைத்தான் போட்டார். என் எண்களை வைத்துச் சொல்கிறேன். ஒரு நிகழ்ச்சி நடந்திருக்கப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாட்சி வருகிறார். அவர் மகா யோக்கியர் என்று சொல்ல வேண்டாம். நடந்திருந்தால் "நடந்தது" என்று சொல்வதற்கான வாய்ப்பு, நடக்காதபோதும் அப்படிச் சொல்வதற்கான வாய்ப்பைப்போல் பத்து மடங்கு, அவ்வளவுதான். ஒருவர் சொன்னால் பத்து லட்சத்தில் ஒன்று லட்சத்தில் ஒன்றாகும். இரண்டாமவர் சொன்னால் பத்தாயிரத்தில் ஒன்று. ஆறு பேர் சொன்னால் சரிபாதி. எட்டு பேர் சொன்னால் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் "நடந்தது" பக்கம் சாய்ந்துவிடும். எட்டே எட்டு சாதாரண மனிதர்கள் போதும்! ஆகவே எந்தச் சாட்சியமும் போதாது என்ற வாதம் கணக்கில் நிற்காது. பாபேஜ் சொன்னது சரி.

ஆனால் அந்தக் கணக்கு முழுக்க ஒரே ஓர் ஆணியில் தொங்குகிறது. எட்டு பேரும் தனித்தனியாக அறிந்திருக்க வேண்டும். இரண்டாமவர் முதலாமவர் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னால் இரண்டாவது பத்து மடங்கு கிடையாது. எட்டு பேரும் ஒருவரிடம் கேட்டவர்கள் என்றால், எட்டு பேரும் ஒருவர்தான். லட்சத்தில் ஒன்று என்ற இடத்திலேயே நிற்போம். எட்டாயிரம் பேர் என்றாலும் அதே இடம்.

1917 அக்டோபர் 13 அன்று போர்ச்சுகலின் ஃபாத்திமாவில் சூரியன் சுழன்று ஆடியதாகச் சொல்லப்படுவதை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பல்லாயிரம் பேர் கூடியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அன்று ஓர் அற்புதம் நடக்கும் என்று மாதக்கணக்கில் முன்பே சொல்லப்பட்டிருந்தது. எல்லோரும் அதற்காகவே வந்து, ஒரே திசையில் பார்த்து, ஒரே கூச்சலைக் கேட்டார்கள். சூரியனை உற்றுப் பார்த்தால் கண்ணுக்குள் நிறமும் அசைவும் தோன்றும் என்பது வேறு. அதே சூரியன் வேறு நாடுகளுக்கு மேலும் இருந்தது. அங்கே எந்த வானியல் நிலையமும் எதையும் பதிவு செய்யவில்லை. லேகிளில் தூரத்து ஊர் சாட்சி சொன்னது. ஃபாத்திமாவில் தூரத்து ஊர் மௌனமாக இருந்தது.

1995 செப்டம்பர் 21-ல் பிள்ளையார் சிலை பால் குடித்ததாக ஒரே நாளில் உலகம் சுற்றிய செய்தியும் ஏறக்குறைய இதுதான். கரண்டியில் பால் குறைந்ததை மக்கள் நிஜமாகவே பார்த்தார்கள். அது காட்சி. "குடித்தார்" என்பது கருதல். பாலில் நிறம் கலந்து ஊட்டியபோது, அது சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்கியது தெரிந்தது. பரப்பு இழுவிசை கரண்டியின் விளிம்பிலிருந்து பாலை இழுத்துக்கொண்டது. காட்சி பொய்யாகவில்லை, கருதல்தான் பிழைத்தது.

இனி நோய் குணமாவதற்கு வருகிறேன். இன்று வரும் அற்புதச் செய்திகளில் பெரும்பாலானவை இந்த வகைதான், எனக்கு நெருக்கமானதும் இதுதான்.

என் பெரியம்மாவுக்கு விடாத இருமல். ஸ்கேனில் நுரையீரலில் ஒரு நிழல். புற்றுநோயாக இருக்கலாம், பயாப்சி செய்துதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அதுவரை சில மாத்திரைகள் கொடுத்தார். மூன்று வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பெரியம்மா மட்டும் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து வேண்டிக்கொண்டே இருந்தார். பயாப்சிக்கு முன்னால் எடுத்த இரண்டாவது ஸ்கேனில் நிழல் இல்லை. நான் இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஓரத்தில் தேதி, ஒன்றில் வெள்ளையாக ஒரு திட்டு, இன்னொன்றில் அந்த இடம் கறுப்பாக, சுத்தமாக. என் கை நடுங்கியது. அந்த நிமிடத்தில் என்னிடம் யாராவது ஹியூமைப் பற்றிப் பேசியிருந்தால் எரிச்சல்தான் வந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "முதலில் தெரிந்தது நிமோனியாத் திட்டாகவே இருந்திருக்கலாம். மாத்திரைக்குக் கரைந்திருக்கும். திசுவை எடுத்துப் பார்க்காமல் புற்றுநோய் என்று நான் சொல்லவே இல்லையே" என்றார். உண்மை. அவர் "இருக்கலாம்" என்றுதான் சொன்னார். நாங்கள்தான் வீட்டுக்கு வரும் வழியிலேயே அந்த "இருக்கலாம்" என்பதை உதிர்த்துவிட்டோம். "டாக்டரே கைவிட்ட நோய் பறந்துபோனது" என்ற வாக்கியம் எங்கள் வீட்டில் உருவானதை நானே பார்த்தேன். யாரும் பொய் சொல்லவில்லை. நானும் அதை இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரியம்மா மருத்துவமனையில் இருந்த நாட்களில் பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா இருந்தார். அவரும் வேண்டிக்கொண்டார், பெரியம்மாவைவிட உருக்கமாக வேண்டிக்கொண்டார் என்று பெரியம்மாவே சொல்வார். நான்கு மாதத்தில் அவர் போய்விட்டார். அந்தக் கதையை யாரும் எந்த மேடையிலும் சொல்வதில்லை. பிழைத்தவர்கள் சாட்சி சொல்ல வருகிறார்கள், போனவர்களால் வர முடியாது. புள்ளியியலில் நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடும் பிழை இதுதான். தேர்ந்தெடுத்து வந்த மாதிரியை வைத்து முழுத் தொகையைப் பற்றி முடிவு கட்டுவது. என் வீட்டுக்குள்ளேயே அது நடந்தபோது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

பிரான்சின் லூர்து நகரம் இந்த விஷயத்தில் மற்ற இடங்களைவிட நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1858-ல் அங்கே மாதா தோன்றியதாகச் சொல்லப்பட்டது. 1883-லிருந்து குணமானவர்களைப் பரிசோதிக்க மருத்துவக் குழு இருக்கிறது. நோய் கடுமையானதாக, உறுதி செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். குணம் திடீரென்று, முழுமையாக, நிலையாக நடந்திருக்க வேண்டும். சிகிச்சையால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் லம்பெர்டினி என்ற திருச்சபைச் சட்ட அறிஞர், பின்னாளில் போப்பாண்டவர் ஆனவர், வகுத்த நிபந்தனைகள் இவை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகளில் 2018 வரை திருச்சபை அற்புதம் என்று அறிவித்தவை 70. நூற்றுக்கு ஒன்றுதான். இந்தக் கண்டிப்பைப் பகுத்தறிவாளர்களும் மதிக்க வேண்டும்.

அங்கே 1902 மே மாதத்தில் நடந்த ஒன்றை என்னால் சுலபமாகக் கடந்துபோக முடியவில்லை. அலெக்சிஸ் காரல் என்ற இளம் மருத்துவர், நம்பிக்கை இல்லாதவர், நோயாளிகள் போகும் ரயிலில் கூடப் போனார். மரி பாய் என்ற பெண், காசநோய் வயிற்றுக்குள் பரவியவர் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். வயிறு கெட்டியாக வீங்கிக் கிடந்தது. தாங்கமாட்டார் என்றே காரல் நினைத்தார். வீங்கிய வயிற்றின் மேல் லூர்தில் உள்ள ஊற்றின் தண்ணீரை ஊற்றினார்கள். காரல் பக்கத்தில் நின்று நேரத்தைக் குறித்துக்கொண்டே பார்த்தார். அவர் கண் முன்னே, அரை மணி நேரத்துக்குள், போர்வைக்குக் கீழே வயிறு தணிந்தது. அந்தப் பெண் பிறகு கன்னியர் மடத்தில் சேர்ந்து 1937 வரை வாழ்ந்தார். தான் பார்த்ததை மறுக்காததால் காரலுக்கு ஊரில் மருத்துவ உலகின் கதவுகள் மூடின. அமெரிக்கா போனார், 1912-ல் நோபல் பரிசு வாங்கினார்.

வாத்ஸ்யாயனரின் இலக்கணப்படி காரல் ஆப்தன். நேரில் பார்த்தார், சொன்னால் தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் சொன்னார். ஆனால் அவர் பார்த்தது வீக்கம் தணிந்ததை. உள்ளே இருந்தது என்ன நோய் என்பது கருதல். 1902-ல் அதை உறுதியாகக் காட்டும் கருவிகள் இல்லை. திருச்சபையின் அந்தக் கண்டிப்பான பட்டியலில் இந்த வழக்கு இல்லை என்பதையும் கவனியுங்கள். நான் இதை "விளக்கம் கிடைக்காதது" என்ற தட்டில் வைத்திருக்கிறேன். அந்தத் தட்டு காலியாக இல்லை என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

நோய் கண்டறிந்ததில் பிழை இருக்கலாம் என்று சொல்லவே முடியாத வழக்கு வேண்டுமென்றால், எடுத்த கால் திரும்ப வர வேண்டும். அப்படியும் ஒன்று சொல்கிறார்கள். ஸ்பெயினில் கலாண்டா என்ற ஊரைச் சேர்ந்த மிகுவெல் பெலிசெர் என்ற இளைஞனுக்கு 1637-ல் சரகோசா மருத்துவமனையில் காலை எடுத்துவிட்டார்கள். 1640 மார்ச்சில் ஒரு நாள் தூங்கி எழுந்தபோது இரண்டு காலும் இருந்தன. சில நாளில் பக்கத்து ஊர் நோட்டரி வந்து பத்திரம் எழுதினார். சரகோசாவில் விசாரணை நடந்தது, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள், காலை எடுத்த அறுவை மருத்துவரும் சொன்னார். 1641 ஏப்ரலில் பேராயர் அற்புதம் என்று தீர்ப்பளித்தார். எடுத்த கால் வளர்ந்ததாகக் கேட்டதே இல்லை என்று கேலி செய்பவர்கள் இந்த ஆவணங்களை ஒருமுறை படித்துவிட்டுக் கேலி செய்ய வேண்டும்.

ஆனாலும் எனக்குப் போதவில்லை. ஏன் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். காலை எடுத்ததைப் பார்த்தவர்கள் ஓர் ஊரில். கால் வந்ததைப் பார்த்தவர்கள் இன்னோர் ஊரில். நடுவில் இரண்டரை ஆண்டு, பிச்சை எடுத்து வாழ்ந்த ஓர் இளைஞன். அங்கே ஒரு காலோடு கண்டவனும் இங்கே இரு காலோடு கண்டவனும் ஒருவன்தான் என்ற முடிச்சில் வழக்கு முழுவதும் தொங்குகிறது. அந்த முடிச்சை விசாரித்தவர்கள் எல்லோரும் அற்புதத்தை எதிர்பார்த்த ஒரே அமைப்பின் ஆட்கள். பியோ மாதிரி வெளியிலிருந்து ஒருவரும் வந்து விசாரிக்கவில்லை. பொய் என்று என்னால் காட்ட முடியாது. நடந்தது என்று ஏற்கவைக்கும் பாரமும் அதில் இல்லை.

இவ்வளவும் முதல் படி மட்டும்தான். நிகழ்ச்சி நடந்ததா என்பது ஒரு கேள்வி; நடந்திருந்தால் அதைச் செய்தது யார் என்பது இன்னொன்று. விவாதங்களில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். இதைப் புத்தர் அழகாகச் சொன்னதாகப் பாலி நூல்களில் ஓர் உரையாடல் இருக்கிறது. கேவட்டன் என்பவன், துறவிகளை அற்புதம் செய்யச் சொல்லுங்கள், மக்களுக்கு நம்பிக்கை பெருகும் என்கிறான். புத்தர் மறுக்கிறார். அற்புதத்தைப் பார்த்து நம்பியவன், நம்பாதவனிடம் போய்ச் சொல்வான். நம்பாதவன், "காந்தாரி மந்திரம் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டு செய்திருப்பார்" என்பான். இந்த ஆபத்தைக் கண்டே அற்புதத்தை வெறுக்கிறேன் என்கிறார். ஒரே நிகழ்ச்சியைப் பல காரணங்கள் விளக்க முடியும்போது, நிகழ்ச்சியை மட்டும் வைத்து ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. நாளைக்கே ஒரு கால் மருத்துவமனையில், கேமராவுக்கு முன்னால் வளர்ந்தாலும், "நமக்குத் தெரியாத இயற்கை" என்று ஒருவர் சொல்லலாம். பழைய கிறித்தவ ஞானி அகஸ்டினாரே அப்படித்தான் சொன்னார்: அற்புதம் இயற்கைக்கு முரண் அல்ல, இயற்கையைப் பற்றி நாம் அறிந்ததற்குத்தான் முரண். அந்தக் கால் ஒரு வேண்டுதல் முடிந்த அதே கணத்தில், வேண்டியபடியே வளர்ந்தால் அப்போது யோசிப்பேன். அது மறுபடியும் மறுபடியும் நடந்தால் இன்னும் தீவிரமாக யோசிப்பேன்.

மறுபடியும் நடக்கிறதா என்று பார்க்கவும் செய்தார்கள். 2006-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், அமெரிக்காவின் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் செய்துகொண்ட 1802 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். தமக்காகப் பிறர் கடவுளிடம் வேண்டலாம், வேண்டாமலும் போகலாம் என்று மட்டும் தெரிந்தவர்களில், வேண்டுதல் நடந்த குழுவில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள், நடக்காத குழுவில் 51 சதவீதம் பேருக்கு. தமக்காக நிச்சயம் வேண்டுகிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு 59. கடவுளைப் பரிசோதனைக்கூடத்தில் நிறுத்த முடியாது என்று நம்பிக்கையாளர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொன்ன பிறகு, குணமான ஒருவரைக் கொண்டுவந்து "இதோ ஆதாரம்" என்று நிறுத்தும் உரிமையையும் நாம் விட்டுவிட வேண்டும். தோற்றால் கணக்கில் இல்லை, ஜெயித்தால் கணக்கில் உண்டு என்ற தராசை எந்தக் கடையிலும் ஏற்கமாட்டோம்.

அப்படியானால் பெரியம்மா நம்புவது அறிவற்ற செயலா? இல்லை. கடவுள் உண்டு, அவர் கேட்கிறார் என்று வேறு காரணங்களால் ஏற்கெனவே நம்புகிற ஒருவருக்கு, தொடக்க வாய்ப்பே வேறு. பத்து லட்சத்தில் ஒன்றிலிருந்து அவர் தொடங்கவில்லை. அதே இரண்டு ஸ்கேன் படங்களை வைத்து அவர் ஓர் இடத்துக்கும் அவருடைய டாக்டர் இன்னோர் இடத்துக்கும் போவதில் இருவருமே கணக்கைத் தவறாகப் போடவில்லை. அந்தத் தொடக்க நம்பிக்கை சரியா என்பது தனி வழக்கு. அற்புதத்தை வைத்து அதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் அற்புதமே அதைத்தான் நம்பி நிற்கிறது. பெரியம்மா நன்றி சொல்வதில் ஒரு பிழையும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு என்னைப்போல் வேண்டிக்கொள் என்று இன்னொரு நோயாளியிடம் சொன்னால் அது பிழை, உயிரைக் குடிக்கும் பிழை. அவர் அப்படிச் சொன்னதில்லை.

டாக்டர் சொன்னதை நான் பெரியம்மாவிடம் மறைக்கவில்லை. மறைத்தால் ஆப்தன் இலக்கணத்தில் இரண்டாவது பாதி எனக்கு இல்லாமல் போகும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மாத்திரையும் யார் கொடுத்தது?" என்று கேட்டார். அப்புறம் பக்கத்துக் கட்டில் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் வேண்டிக்கொண்டது என்ன ஆனது என்று கேட்டேன். அதற்குப் பெரியம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாரிடமாவது தன் கதையைச் சொல்லும்போது "டாக்டர் சந்தேகப்பட்டார்" என்றுதான் ஆரம்பிக்கிறார். முடிக்கும் முன் அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி, அவரும் வேண்டிக்கொண்டார், அவர் போய்விட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்.